கொள்ளிடக் கரையை மேசைமேல் கொண்டுவருவது எப்படி?

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மேசைப் போர் விளையாட்டுக்காக 28 மி.மீ. சிப்பாய்கள் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். 1782-இல் கொள்ளிடக் கரையில் திப்பு ஆங்கிலேயக் கும்பினிப் படையை மடக்கிய சண்டையை ஆட ஆசை. வீடியோக்களில் காட்டும் சாமான்கள் இங்கே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக ஸ்பிரே பிரைமர் அடித்தால் பொம்மைமேல் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, சாமான் கிடைக்காதது உங்களுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. அந்த வீடியோக்கள் கட்டுவது இங்கிலாந்து நிலத்தை. குன்று, கல் அடுக்கிய சுவர், வேலிச் செடி, பச்சைப் புல்வெளி. அதற்கு வேண்டிய சாமானைத்தான் அவர்கள் விற்கிறார்கள். நம் நிலத்தில் குன்றே கிடையாது. தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கம் போனால்தான் செம்மண் மேடு தெரியும். கும்பகோணத்துக்குக் கிழக்கே கடல்வரை தட்டையான வண்டல். அதில் உயரம் என்று இருப்பது ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, வரப்பு, களத்துமேடு, கோயில் திடல், அவ்வளவுதான். ஆறுகள் கொண்டுவந்து ஒதுக்கிய மண்ணாலேயே கரையோரம் உயர்ந்தும் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் வயல் தாழ்ந்தும் கிடக்கும். இந்தச் சில அடி ஏற்றத்தாழ்வுக்குள்தான் இந்தச் சண்டையும் நடந்தது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் உங்கள் மேசை டெல்டா ஆகிவிடும். அதற்கு வேண்டிய பொருள் எல்லாம் உங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே இருக்கிறது.

சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த நிலத்தைக் கட்டுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 1782 பிப்ரவரி. கர்னல் பிரெய்த்வெய்ட் கொள்ளிடம் பக்கம் திறந்த வெளியில் கூடாரம் போட்டிருக்கிறார். ஏறத்தாழ 100 ஐரோப்பியர், 1,400 சிப்பாய்கள், 300 குதிரைவீரர், 10 பீரங்கி. நடுவில் இத்தனை ஆறுகள் ஓடுகின்றன, எதிரி அவ்வளவு சீக்கிரம் வந்துவிட முடியாது என்ற தைரியம். திப்பு பல மடங்கு பெரிய படையோடும் லாலி தலைமையிலான பிரெஞ்சுக்காரர்களோடும் வந்து சூழ்ந்துகொண்டார். கும்பினிப் படை சதுரமாக அணிவகுத்து, பீரங்கிகளை இடையிடையே நிறுத்தி, குதிரைகளை நடுவில் வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தது. கடைசியில் 18-ஆம் தேதி மொத்தப் படையும் கைதானது. அன்னகுடிச் சண்டை என்று இதைச் சொல்வார்கள்.

இதில் பிப்ரவரி என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி என்றால் தை முடிந்து மாசி. சம்பா அறுவடை ஆன, ஆகிக்கொண்டிருக்கிற நேரம். ஐப்பசியாக இருந்தால் முழங்கால் சேறு, குதிரை இறங்கவே முடியாது. மாசியில் வயல் காய்ந்து அரிதாள் (அறுத்த நெல்லின் அடித்தாள்) நிற்கும், குதிரை வரப்பைத் தாண்டித் தாண்டி ஓடலாம். ஆகவே உங்கள் வயல்களில் பச்சை நெல்லும் தேங்கிய தண்ணீரும் வேண்டாம். வெளிறிய தாள், வெடித்த களிமண், அங்கங்கே இன்னும் அறுக்காத நாலைந்து வயல், ஒரு களம், ஒரு வைக்கோல் போர். பச்சை நடவு வயல்தான் டெல்டா என்று நினைத்துப் பலர் அதையே செய்துவிடுகிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த நிலத்தில் இந்தச் சண்டை நடந்திருக்காது.

இப்போது அளவு. 28 மி.மீ. என்பது பாதத்திலிருந்து கண்வரை உள்ள உயரம். நிஜ அளவில் ஏறக்குறைய 56-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஓரடி உயர வரப்பு இதில் 5 மி.மீ. வரும். ஆனால் பொம்மை நிற்கும் அடித்தட்டே 2, 3 மி.மீ. கனம் இருக்குமே, அதையும் கூட்டி 8 மி.மீ. வையுங்கள். இல்லாவிட்டால் சிப்பாய் பக்கத்தில் வரப்பு கோடு போட்ட மாதிரிதான் தெரியும். இன்னொரு சிக்கல், வரப்பின் அகலம். நிஜ வரப்பு இந்த அளவில் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. உங்கள் பொம்மையின் தட்டு 20 அல்லது 25 மி.மீ. இருக்கும், வரப்பில் நிற்காது, சாயும். நான் செய்வது இப்படி: சாதாரண வரப்பை 8 மி.மீ. அகலத்தோடு விட்டுவிடுவேன், யாரும் அதன்மேல் நிற்க வேண்டியதில்லை. வண்டிப்பாதை, வாய்க்கால் கரை இரண்டை மட்டும் 3 செ.மீ. அகலமாக்கி, அதில் படை நடக்க விடுவேன். பத்தடி உயர ஆற்றங்கரை 5 அல்லது 6 செ.மீ. வரும், அது மேசையில் கோட்டைச் சுவர் மாதிரி நிற்கும். கொள்ளிடத்தை முழுதாக வைக்க முடியாது. ஒரு கிலோமீட்டர் அகலம் என்றால் இந்த அளவில் 18 மீட்டர் ஆகிவிடும். மேசையின் ஒரு நீள ஓரம் முழுக்கக் கரையும், அதற்கப்பால் ஒரு சாண் வெள்ளை மணலும் இருந்தால் போதும், பார்க்கிறவர் மிச்ச ஆற்றைத் தானே நினைத்துக்கொள்வார்.

அடிப்பலகைக்கு 2 அடிக்கு 2 அடி துண்டுகளாக ஆறு எடுத்துக்கொண்டால் 6 அடிக்கு 4 அடி மேசை கிடைக்கும். மாடிப்படியில் ஏற்றி இறக்கவும் சுலபம். ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் சன்போர்டு (பிவிசி நுரைப் பலகை) வெட்டித் தருவார்கள். அது ஈரத்துக்கு உப்பாது, வளையாது. அட்டையும் மெல்லிய பிளைவுட்டும் ஐப்பசி மழையில் தேங்காய் ஓடு மாதிரி வளைந்துவிடும். கரைகளுக்குத் தெர்மாகோல் போதும், ஆனால் ஒரு எச்சரிக்கை. என் முதல் ஆற்றங்கரையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செதுக்கினேன். அவசரத்தில் அப்படியே ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். கண்ணெதிரே சர்க்கரை மாதிரி கரைந்து குழி குழியாகிவிட்டது. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்னும். செருப்பு ஒட்டும் ரப்பர் பசையும் அப்படித்தான். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீரும் சாக்பீஸ் தூளும் கலந்து இரண்டு பூச்சு கொடுத்து நன்றாகக் காயவிடுங்கள். அதற்குமேல் எதையும் பிரஷ்ஷால் பூசலாம். ஸ்பிரேயை அப்போதும் தள்ளியே வையுங்கள், ஓர் ஊசித்துளை விட்டுப்போயிருந்தாலும் அது வழியாக உள்ளே போய்விடும்.

மண்ணுக்கு மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் மிகவும் விரும்பிச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த ஊர்க் கடையிலும் இது புட்டியில் கிடைக்காது. வயலிலிருந்து ஒரு சட்டி களிமண், வெயிலில் காய்ந்தது. இடித்து மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, தண்ணீரும் அதில் பத்தில் ஒரு பங்கு ஃபெவிகாலும் விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். ஃபெவிகால் அதிகமானால் மண் வெடிக்காது, ரப்பர் மாதிரி இழுத்துக்கொள்ளும். வயல் துண்டில் 2 மி.மீ. கனத்துக்கு ஊற்றி நிழலில் வையுங்கள். மறுநாள் காலையில் பார்த்தால் மாசி மாத வயல் எப்படி வெடித்துக் கிடக்குமோ அப்படியே, சின்னச் சின்னப் பாளமாக வெடித்திருக்கும். படலம் மெல்லியதாக இருந்தால் பாளமும் சிறியதாக வரும், கனமாக ஊற்றினால் பெரிதாகும். அதனால் பொம்மை அளவுக்கு மெல்லியதுதான் சரி. வெடிப்பு வந்தபின் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறுக்குங்கள். நிறத்தை மட்டும் கவனியுங்கள். காய்ந்த வண்டல் சாம்பல் பூத்த பழுப்பு, ஈரம் பட்டால் கருஞ்சாம்பல். வீடியோவில் வரும் சாக்லேட் பழுப்பு நம் மண் இல்லை. வெடிப்புக்குள் கருஞ்சாம்பலை நீர்க்க ஓடவிட்டு, மேலே வெளிர்சாம்பலை உலர்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் போதும்.

அரிதாளுக்குத் தேங்காய் நார் மிதியடி. வாசலில் போடுவதுதான், சாயம் போடாததாகப் பார்த்து வாங்குங்கள். அடியில் ரப்பர் ஒட்டாமல், நெய்ததாக இருந்தால் பிரித்தெடுக்கச் சுலபம். கொத்துக் கொத்தாகப் பிடுங்கி 6, 7 மி.மீ. உயரத்துக்கு நறுக்கி, களிமண் ஈரமாக இருக்கும்போதே சாமணத்தால் வரிசையாகக் குத்தி நிறுத்துங்கள். ஒரு வயலுக்கு ஒரு மாலை நேரம் ஆகும். நாற்று நடுகிற அதே வேலைதான். நாரின் இயற்கை நிறமே தாளின் நிறம், வண்ணம் தேவையில்லை. அறுக்காத வயலுக்கு மிதியடியைத் துண்டாகவே வெட்டி வைத்து, நுனியில் மட்டும் வைக்கோல் மஞ்சள் தடவுங்கள். கொலுவில் பூங்கா வைக்கும்போது மண்ணில் கேழ்வரகைத் தூவி முளைக்கவைத்துப் புல்வெளி ஆக்குவோமே, அது ஒன்பது நாளைக்குத்தான் அழகு. மேசைக்கு உயிருள்ள எதையும் வைக்காதீர்கள். உமி, மரத்தூள், தென்னைநார்க் கழிவு எல்லாம் போடலாம், ஆனால் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, போட்டபின் ஃபெவிகால் தண்ணீரால் மூட வேண்டும். இல்லாவிட்டால் கார்த்திகையில் பூஞ்சை பிடித்துவிடும்.

கூரை வீட்டுக்கு வெட்டிவேர். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு வாங்கினால் ஒரு கிராமமே வேயலாம். இழை மெல்லியது, அதனால் 28 மி.மீ. அளவுக்குக் கீற்றும் வைக்கோலும் மாதிரியே படிகிறது. ஓட்டு வீட்டுக்குப் பல்பு சுற்றி வரும் நெளி அட்டையைக் கீற்றாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் நாட்டு ஓடு. திண்ணையை மறக்காதீர்கள். கூரையைக் கழற்றும்படி செய்தால் உள்ளே சிப்பாயை நிறுத்தலாம். தென்னை மரத்தை மட்டும் நிஜ அளவில் செய்யக்கூடாது. 20 மீட்டர் மரம் 36 செ.மீ. வந்து, கைபட்டாலே சாயும். 16, 17 செ.மீ. போதும். கம்பியின்மேல் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி ஃபெவிகால் தடவினால் மட்டை விழுந்த தழும்பு வரி வரியாக வந்துவிடும். அடித்தூரை எம்சீலால் பருக்கவையுங்கள். ஓலை காகிதத்தில்.

கோயில், மண்டபம், செங்கல் மதகு இவை வேண்டுமென்றால் நெட்டியைப் பாருங்கள். தஞ்சாவூரில் பெரிய கோயிலையே நெட்டியில் செதுக்கி விற்கிறார்களே, புவிசார் குறியீடு பெற்ற கைவேலை, அதே தக்கைதான். குளத்திலும் ஏரியிலும் வளரும் செடியின் தண்டு. இதைவிடச் சன்னமாக வெட்டுப்படும் பொருளை நான் பார்த்ததில்லை. செங்கல் வரியைப் பென்சில் முனையால் அழுத்தியே எடுக்கலாம். பிளேடு புதிதாக இருக்க வேண்டும், மழுங்கினால் வெட்டாது, பிய்க்கும். தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் முதலில் நீர்த்த ஃபெவிகால் ஒரு பூச்சு. விரல் அழுத்தினால் பள்ளம் விழும், அதனால் அடிக்கடி கையாளும் சாமானுக்கு இது வேண்டாம். ஓரத்தில் நிற்கும் கோபுரத்துக்குத்தான்.

வாய்க்காலில் மிச்சம் தேங்கிய தண்ணீருக்கு அடியில் பச்சை கலந்த பழுப்பைப் பூசி, நடுவில் கருமையாக்கி, மேலே எபாக்சி ரெசினை 2, 3 மி.மீ. படலமாக ஊற்றுங்கள். ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் சூடேறும், குமிழி நிற்கும். ஃபெவிகாலையே தண்ணீராக ஊற்றுகிறவர்கள் உண்டு. இங்கே அது மழைக்காலத்தில் பால் மாதிரி வெளுத்துவிடும்.

சரி, பொம்மைக்கு வருவோம். மொத்தச் சண்டையையும் 28 மி.மீ.-இல் ஆட நினைக்காதீர்கள். ஒரு பொம்மைக்கு 20 ஆள் என்று கணக்கு வைத்தாலும் கும்பினிப் பக்கம் மட்டும் 5 ஐரோப்பியர், 70 சிப்பாய், 15 குதிரை, ஆக 90 பொம்மை. திப்பு பக்கம் அதைப்போல் பல மடங்கு. 15 மி.மீ.-இல் இதைச் செய்யலாம். கையில் இருக்கும் 28-ஐ வைத்துக்கொண்டு சண்டையின் ஒரு துண்டை ஆடுங்கள். சதுரத்தின் ஒரு மூலை, ஒரு பீரங்கி, ஒரு வாய்க்கால், இருபக்கமும் முப்பது முப்பது பேர். நிலம் நெருக்கமாகத் தெரியும்போதுதான் அந்த வரப்புக்கு அர்த்தம் வரும்.

பிரைமர் வெளுப்பது உங்கள் கைக்குற்றம் அல்ல. ஸ்பிரேயின் கரைப்பான் ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது அங்கேயே பனியாகப் படிந்து, படலத்துக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரேயைத் தொடவே தொடாதீர்கள். மார்கழிக் காலைப் பனியும் ஆகாது. சித்திரை உச்சிவெயிலில் வேறு தொல்லை, துளி காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி ஒட்டும். மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்குமேல், பனி உலர்ந்தபின், ஒரு முழத்தில் பாதி தூரத்திலிருந்து விட்டுவிட்டு அடியுங்கள். மற்ற மாதங்களில் ஓவியக் கடையில் கிடைக்கும் ஜெஸ்ஸோ அடிப்பூச்சைத் தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் இரண்டு மெல்லிய பூச்சு. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதானே வண்ணம் தொடுகிறார்கள். அதே வேலைதான் இதுவும், வண்ணம் பிடித்துக்கொள்ள ஒரு தரை. அதற்குமுன் பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் கழுவிவிடுங்கள், அச்சின் எண்ணெய் போக வேண்டும். ஏற்கெனவே பூத்துவிட்ட பொம்மையைத் தூக்கிப்போட வேண்டாம். கறுப்பையோ பழுப்பையோ நீர்க்கப் பிரஷ்ஷால் பூசினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பிரஷ் இரண்டாம் எண் ஒன்று, பூஜ்யம் ஒன்று. கண் வரைய மூன்று பூஜ்யம் வாங்கச் சொல்வார்கள், வேண்டாம். அத்தனை சிறிய முனையில் நிற்கும் சொட்டு நம் வெக்கையில் பொம்மையைத் தொடுமுன் காய்ந்துவிடும். வயிறு பருத்து நுனி கூர்ந்த இரண்டாம் எண் வண்ணத்தைத் தேக்கிவைத்துக்கொண்டு ஊசி மாதிரி கோடு போடும். தட்டையான டிபன் டப்பாவில் நனைத்த பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் கேக் சுடும் காகிதம் ஒன்றை விரித்தால் அதுதான் வண்ணம் குழைக்கும் ஈரத் தட்டு. வண்ணம் மூன்று மணி நேரம் காயாமல் இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை துணியை அலசுங்கள், இல்லாவிட்டால் நாறும்.

தோல் நிறத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள், காரணம் பார்த்துப் படிக்கும் எல்லாமே வெள்ளைக்கார முகங்கள். கரும்பழுப்பில் தொடங்குங்கள், நடுப்பழுப்பை மேல்பட்ட இடங்களில் வையுங்கள். வெளிச்சம் விழும் கன்னமேடு, மூக்குத்தண்டு, தோள் இவற்றுக்குக் காவி அல்லது செம்மஞ்சள் கலந்து ஏற்றுங்கள். வெள்ளை கலந்து ஏற்றாதீர்கள், முகம் சாம்பல் பூசிய மாதிரி செத்துப்போகும். வேர்வை பட்ட கறுத்த தோளில் வெயில் எப்படி அடிக்கிறது என்று நடவு நேரத்தில் நின்று பார்த்தவருக்கு இது சட்டெனப் புரியும். அப்புறம் வெள்ளைத் துணி. வெள்ளையில் தொடங்கினால் மடிப்பே தெரியாது. சாம்பல் கலந்த பழுப்பில் தொடங்கி, மடிப்பின் முதுகில் மட்டும் வெள்ளையை விடுங்கள். உடுத்தித் துவைத்த பருத்தி அப்படித்தான் இருக்கும்.

மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, வெள்ளை அரைக்கால் சட்டை, தலைப்பாகை. முழங்காலுக்குக் கீழே வெறுங்கால் என்பதால் அங்கே களிமண் சாம்பலைத் தேய்த்துவிடலாம். சிவப்பின் நிழலுக்கு அரக்குப் பழுப்பு, வெளிச்சத்துக்கு ஆரஞ்சு. மைசூர்ப் படைக்கு உடனே புலிவரி போடத் துடிப்பீர்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் 1782 பிப்ரவரியில் திப்புவின் தந்தை ஹைதர் உயிரோடு இருக்கிறார், அந்த ஆண்டு டிசம்பரில்தான் இறந்தார். புலிவரிச் சீருடை திப்பு அரியணை ஏறிய பிறகான அடையாளம். இந்த மேசைக்குப் பலவிதத் துணி உடுத்திய வீரர்களை வையுங்கள், குதிரைவீரர்களில் ஒருவரைப்போல் இன்னொருவர் இருக்க வேண்டியதில்லை.

முடித்த பொம்மைகளை அடுக்கிவைக்க வீட்டில் பழைய இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் 5 மி.மீ. காந்தம் ஒன்று ஒட்டிவிட்டால், பேருந்தில் தூக்கிப்போனாலும் பெட்டியின் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேட் வார்னிஷை ஸ்பிரேயாக வாங்கினால் பிரைமருக்குச் சொன்ன மாதக் கணக்கு அதற்கும் உண்டு.

இத்தனையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். ஓரடிக்கு ஓரடி சன்போர்டில் ஒரு வயல், ஒரு வரப்பு, வாய்க்காலில் பாதி. களிமண்ணை ஊற்றிவிட்டு, இன்னும் வண்ணம் பூசாத சிப்பாய் ஒருவனை வரப்பை ஒட்டி நிறுத்தி, உங்கள் கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். வரப்பு அவன் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் சீவுங்கள், தாழ்ந்தால் இன்னொரு கை மண் போடுங்கள். படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, மிச்சத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.